கண்ணி: ‘குரோமாட்டின் லூப்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

‘குரோமாட்டின் லூப்’ என்பதைப் பலரும் ‘குரோமாட்டின் வளையம்’ என்று எழுதுகிறார்கள். வளையத்துக்கு நுனி கிடையாது. வளையலைப் போல முழுதாக மூடியிருக்கும். செல்லின் உட்கருவில் நடப்பது வேறு. டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த நீண்ட இழைதான் குரோமாட்டின்; அது ஓரிடத்தில் உள்ளே போய், வளைந்து, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வெளியே வருகிறது. அடியில் மட்டும் அது பிடிக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் இழை தொடர்ந்து ஓடுகிறது. கயிற்றில் இப்படி ஒன்றைச் செய்தால் தமிழில் அதற்குப் பெயர் கண்ணி.

முதலில் மூலச்சொல். ‘குரோமா’ என்றால் கிரேக்கத்தில் நிறம். ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெம்மிங் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உட்கருவுக்குள் சாயத்தை நன்றாக ஏற்கும் பொருளுக்குக் குரோமாட்டின் என்று பெயரிட்டார். 1888-ல் வில்ஹெல்ம் வால்டையர், செல் பிரியும்போது தெரியும் திரண்ட துண்டுகளைக் குரோமோசோம், அதாவது ‘நிறவுடல்’, என்றார். இலங்கைப் பாடநூல்களின் ‘நிறமூர்த்தம்’ அதன் நேர் மொழிபெயர்ப்பு. குரோமோசோமுக்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘நிறப்புரி’ ஒரு படி மேலானது. புரி என்பது இழையையும் குறிக்கும், முறுக்கையும் குறிக்கும்: முப்புரிநூல், வலம்புரி. பெயரிட்டவர்கள் சாயத்தைத்தான் பார்த்தார்கள். நம் சொல்லில் முறுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அந்த முறுக்குதான் இன்றைய ஆய்வின் மையம். மனித செல் ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது சில மைக்ரோமீட்டர் அகல உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. முதல் கட்டத்தில் 147 எழுத்து (கார இணை) நீளமுள்ள டி.என்.ஏ., எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்றிக்கொள்கிறது. இதைச் ‘சுருள்’ எனலாம். அதற்கு மேல் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான எழுத்துகள் தாண்டி நடக்கும் வளைவுக்குத்தான் கண்ணி என்ற சொல் வேண்டும்.

கண் என்றால் துளையும்தான். வலையின் ஓட்டை கண். பறவைக்கு வைக்கும் சுருக்கு கண்ணி. சங்கிலியின் ஒரு பிணைப்பும் கண்ணி. சுருக்குக் கண்ணியில் நாண் முடிச்சுக்குள் ஓட ஓட அது பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். கோஹெசின் என்னும் மோதிர வடிவப் புரதம் செய்வதும் இதே வேலை. இழையைப் பிடித்துத் தன் வழியே இழுத்து, கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. சிடிசிஎஃப் என்ற புரதம் இழையில் உரிய திசை நோக்கி அமர்ந்திருக்கும் இடம் வந்தால் நிற்கிறது. கோஹெசினை அழித்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் இந்தக் கண்ணிகள் அவிழ்ந்துபோயின. வினைச்சொற்களே சாட்சி: கண்ணி போடலாம், இறுக்கலாம், நெகிழ்த்தலாம், அவிழ்க்கலாம். வளையத்தை உடைக்கத்தான் முடியும்.

ரத்தச் செல்லில் இது எப்படி வேலை செய்கிறது? 11-ஆம் நிறப்புரியில் எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என ஐந்து குளோபின் மரபணுக்கள், அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கான புரதங்களை உருவாக்குபவை, வரிசையாக உள்ளன. எப்சிலானுக்கும் முன்னால், பீட்டாவிலிருந்து ஐம்பதாயிரம் எழுத்துகள் தள்ளி, எல்சிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. கருவில் அது காமாவைத் தொடுகிறது; பிறப்பை ஒட்டி, தொடர்பு படிப்படியாகப் பீட்டாவுக்கு மாறுகிறது. ஜிஏடிஏ1 முதலிய புரதங்கள் எல்சிஆர், மரபணு ஆகிய இரு முனைகளிலும் அமர, எல்டிபி1 என்ற புரதம் தன்னோடு தானே ஒட்டி அடிமுடிச்சாகிறது.

முடிச்சின் மதிப்பு அது இல்லாதபோது தெரியும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் ஒரு வகையில் பீட்டா மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் எல்சிஆர் அறுந்துபோயிருக்கிறது, மரபணு ஊமையாகிவிடுகிறது. இதன் மறுபக்கத்தை 2012-ல் சோதித்தார்கள். ஜிஏடிஏ1 இல்லாத எலிச் செல்களில் எல்டிபி1-இன் ஒட்டும் பகுதியைச் செயற்கையாகப் பீட்டாவின் தொடக்கத்தில் கட்டியபோது கண்ணி உருவானது, மரபணுவும் கணிசமாக இயங்கியது. 2014-ல் வளர்ந்த மனிதரின் சிவப்பணு முன்னோடிகளில் இதே முடிச்சைக் காமாவில் போட்டார்கள்: காமா ஏறியது, பீட்டா இறங்கியது.

கண்ணியைக் கண்டறியும் முறை 2002-ல் வந்த ‘3சி’. ஃபார்மால்டிஹைடில் செல்களைச் சில நிமிடம் வைத்தால் அருகருகே இருப்பவை பிணைந்து உறையும். கிளைசின் சேர்த்து வினையை நிறுத்தி, வெட்டு நொதியால் டி.என்.ஏ.வை நறுக்கி, மிக நீர்த்த கரைசலில் நுனிகளை ஒட்டவைத்து, சூடாக்கிப் பிணைப்பை நீக்கி, எது எதோடு ஒட்டியது என்று, டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் பார்ப்பார்கள். உறையவைப்பது மிகுந்தால் நொதி வெட்டாது. கரைசல் செறிவானால் தொடர்பில்லாத துண்டுகளும் ஒட்டிப் பொய்த் தொடர்பு காட்டும். பக்கத்திலுள்ள துண்டுகள் எப்படியும் அடிக்கடி மோதும். ஆகவே ஒப்பீடு இல்லாத முடிவுக்குப் பொருளில்லை. அதே ஆண்டு ராட்டர்டாமில் கருவிலுள்ள எலிச் சிசுவின் கல்லீரலை, அதாவது சிவப்பணு உருவாகும் இடத்தை, அதன் மூளையோடு ஒப்பிட்டார்கள். கல்லீரலில் எல்சிஆரும் பீட்டாவும் நெருங்கியிருந்தன, மூளையில் இல்லை.

அரிவாள் செல் நோய்க்கான மரபணுச் சிகிச்சையும் இதே நிலத்தில்தான் நிற்கிறது. அந்த நோய்க்குக் காரணம் பீட்டா மரபணுவின் பிழை; கருவில் இயங்கிய காமா மீண்டால் அதை ஈடுசெய்யும். காமாவை அடக்குவது பிசிஎல்11ஏ என்ற புரதம். அதன் மரபணுவையே வெட்டினால் பி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பாதிக்கப்படும். எனவே அதனுள், தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 58,000 எழுத்து தள்ளி, சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்யும் தூண்டுபகுதியை (மரபணுவின் இயக்கத்தைக் கூட்டும் டி.என்.ஏ. துண்டை) கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் வெட்டுகிறார்கள். அடக்கி குறைய, காமா மீள்கிறது. 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை இதுவே.

சொற்களைப் பிரித்து ஆளவேண்டும். பொதுவான மடங்கலுக்கு ‘மடிப்பு’, ஹிஸ்டோன் சுற்றுக்குச் ‘சுருள்’, அடி பிடிக்கப்பட்ட வளைவுக்குக் ‘கண்ணி’. தனக்குள்ளேயே அதிகம் தொட்டுக்கொள்ளும், ‘டாட்’ எனப்படும் பெரிய டி.என்.ஏ. பகுதிக்கு என் தேர்வு ‘பாத்தி’. சிடிசிஎஃப் அமரும் எல்லை ‘வரப்பு’. தூண்டுபகுதியின் விளைவு பெரும்பாலும் பாத்திக்குள்ளேயே பாய்கிறது; வரப்பு உடைந்தால் அடுத்த பாத்தி மரபணு தவறாக முளைக்கலாம்.

‘கண்ணி விழுந்தால் மரபணு இயங்கும்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. எலியின் பீட்டா குளோபின் பகுதியில் ஒரு சிடிசிஎஃப் இருக்கையைச் சிதைத்தபோது அங்கிருந்த கண்ணி போனது, குளோபின் உற்பத்தி மாறவில்லை. எனவே எல்லை அமைப்பதை ‘வரப்புக் கண்ணி’, மரபணுவை இயக்குவதை ‘இயக்கக் கண்ணி’ என்று அடைமொழியோடு எழுதுவதே துல்லியம்.