வெக்கையும் ஒரு வேற்றுமை உருபும்

அக்னி நட்சத்திரம் நடக்கும்போது பாளையங்கோட்டையில் யாருக்கும் வேறு பேச்சு வராது. கல்லூரியில் ஜெர்மன் படித்த நாளில், என் ஜெர்மன் பேனா நண்பருக்கும் அதைத்தான் எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மனதுக்குள் ‘ஜெர்மன் ஆச்சி’. ‘இஷ் பின் ஹைஸ்’ என்று எழுதி, ஏரோகிராமை, அதாவது வெளிநாட்டுக்குப் போகும் மடிப்புக் கடிதத் தாளை, ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன். இஷ் என்றால் நான், பின் என்றால் இருக்கிறேன், ஹைஸ் என்றால் சூடு. சொல் ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் சேர்த்துப் படித்தால் ஜெர்மன்காரர் காதில் ‘காமத்தில் தகிக்கிறேன்’ என்று விழும். வயதான பெண்மணிக்கு எழுதுகிற சங்கதியா அது!

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆச்சி திட்டவில்லை, சிவப்பு மையால் சுழிக்கவும் இல்லை. அங்கே மழை பெய்வதைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘இஸ்ட் டீர் இம்மர் நொஹ் ஹைஸ்?’ உனக்கு இன்னும் வெக்கையாகத்தான் இருக்கிறதா?

டீர் என்றால் உனக்கு. மீர் என்றால் எனக்கு. வெக்கையும் குளிரும் ஜெர்மனில் ‘எனக்கு’ இருப்பவை. தமிழிலும் அப்படித்தானே? ‘எனக்கு வெக்கையா இருக்கு’ என்கிறோம், நான்காம் வேற்றுமையில். சரியான விடையைத் தாய்மொழியே மடியில் கட்டி வைத்திருக்க, நான் இங்கிலீஷ் வீட்டில் போய்க் கடன் வாங்கியிருக்கிறேன். ‘ஐ ஆம் ஹாட்’டைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறேன். இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் இல்லை. மூன்றாவது மொழி கற்பவர்கள் தாய்மொழியைத் தாண்டிப்போய், பின்னால் படித்த இரண்டாவது மொழியில் கைவைப்பதை மொழியியலாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். படித்து வந்த மொழிகளையெல்லாம் மூளை ஒரே பரணில் போட்டு வைத்திருப்பது போல. (1820-இல் இதே பாளையங்கோட்டைக்கு வந்து தங்கி, தமிழ் இலக்கணமே எழுதிய ஜெர்மானியர் ரேனியஸை இந்த ‘எனக்கு’ அவ்வளவாகத் திணறடித்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.)

என் பாடப்புத்தகத்தில் ‘மீர் இஸ்ட்’ வராமலா இருந்தது? பலமுறை வந்தது. ஆனால் படிக்கிறவனுக்கு ‘ஹைஸ்’ கண்ணில் பட்டாலே அர்த்தம் கிடைத்துவிடும். அது நானா, எனக்கா என்று பார்க்க அவசியமே இல்லை. கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் சொன்னது இதுதான். அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசவும் எழுதவும் வந்தால் இலக்கணம் தடுமாறியது. புரிந்துகொள்ள ஊகம் போதும். எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு உருபையும் நாமே முடிவு செய்தாக வேண்டும். நமக்கு எது தெரியவில்லை என்பது அந்த இடத்தில்தான் தட்டுப்படுகிறது.

சரி, பேசினாலும் இதே பலன் வராதா? வரும், ஆனால் எதிரில் ஆள் காத்துக்கொண்டு நிற்பார். மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்கு சங்கதிகள்தான். சொல்ல வந்த விஷயத்துக்கும் சொல்லுக்குமே அது சரியாகப் போய்விடும். வேற்றுமை உருபு வாசலிலேயே நிற்கும். கடிதத்தில் பாதி வாக்கியத்தைத் தாள் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆச்சி செய்ததுபோலத் தப்பைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்வது ஆசிரியர்களுக்கும் பிடித்த வழி. ஆனால் 1997-இல் லிஸ்டர், ரான்டா என்ற ஆய்வாளர்கள் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட இந்த முறைதான் மாணவர்களிடம் மிகக் குறைவாக எடுபட்டது. பேச்சு ஓடிவிடுகிறது, திருத்தமும் கூடவே ஓடிவிடுகிறது. நான் ஏரோகிராமுக்கு அடியில் கார்பன் தாள் வைத்துப் படி எடுப்பவன். படியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ‘இஷ்’ஷும் ‘டீர்’ரும் முறைத்துக்கொண்டு நின்றன. அகராதியை எடுத்தேன்; விஷயம் தெரிந்ததும் காது சூடானது.

அந்தச் சூட்டுக்கும் வேலை உண்டு. பட்டர்ஃபீல்ட், மெட்காஃப் என்ற உளவியலாளர்கள் 2001-இல் காட்டியது, உறுதியாக நம்பிச் செய்த தப்பு, தயங்கிச் செய்த தப்பைவிட நன்றாகத் திருந்துகிறது என்று. எதிர்பாராத அடி கவனத்தை இழுத்துக்கொள்கிறது.

அப்புறம் அந்த மூன்று வாரம். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து பார்த்தார்: மறதி முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகச் சரிகிறது. பாதி மறந்த நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவந்தால் பிடிப்பு கூடுகிறது. தபால்துறை எனக்கு அந்த இடைவெளியை அஞ்சல்தலை விலையிலேயே கொடுத்தது. இப்போது வாட்ஸ்அப்பில் பதில் நொடியில் வருகிறது. தப்பை நான் பார்க்கும் முன்பே போன் திருத்திவிடுகிறது. எதைத் திருத்தியது என்றே தெரிவதில்லை. அந்த வசதியை நான் அணைத்து வைத்திருக்கிறேன்.

அந்த டிசம்பரில் மாஞ்சோலை மலைக்குப் போய்வந்து, ‘மீர் வார் கால்ட்’, எனக்குக் குளிராக இருந்தது, என்று எழுதினேன். இறந்தகாலத்தில் ஆச்சி அதை எழுதியதே இல்லை, நானாகக் கட்டியது. மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் அந்த வாக்கியத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே யானை உண்டா என்று கேட்டிருந்தார்.