காலநிலை மாற்றத்துக்கு எந்த ஆபீஸுக்குப் போவது? செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு விளக்கம்

போர்டு மாட்டிய தனிக் கட்டடத்தைத் தேட வேண்டாம். கலெக்டர் ஆபீஸ்தான்.

2021-ல் சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே 'காலநிலை மாற்றம்' சேர்ந்தது. அடுத்து, லாப நோக்கமில்லாத அரசு நிறுவனமாகத் தமிழ்நாடு பசுமை காலநிலை நிறுவனம் வந்தது. காலநிலை மாற்ற இயக்கத்தை நடத்துவது இதுதான். மாவட்டத்தில் இந்த இயக்கத்துக்குக் கலெக்டர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்காரர்கள் சிவகங்கைக்குப் போக வேண்டும்; ராயவரம், அரிமளம்காரர்கள் புதுக்கோட்டைக்கு.

ஆளுக்கு இவ்வளவு மானியம் என்று இந்த இயக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். பிரிந்து கிடக்கும் துறைகளை ஒரே மேசைக்கு இழுப்பதுதான் இதன் வேலை. ஊருணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருணி ஊராட்சியுடையது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போகிற புறம்போக்கு வருவாய்த்துறை கணக்கில் இருக்கும். நடுவே ரோட்டைத் தாண்டும் குழாய்ப்பாலம் நெடுஞ்சாலைத்துறையுடையது. குழாய்க்குள் பாலித்தீன் பையும் கருவேல முள்ளும் அடைத்துக்கொண்டால், செம்புறாங்கல் படிக்கட்டு எவ்வளவு அழகாக இருந்தும் ஐப்பசி மழை ஊருணிக்கு வராது. கண்மாய் என்றால் இன்னொரு கணக்கு: ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கும் அதிகாரம் கலெக்டருக்குத்தான் உண்டு. ஆகவே, "ஊருணியைத் தூர்வார வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். சர்வே எண், அடைப்பு எந்த இடத்தில், போட்டோ மூன்றும் வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்குக் கனம் கூடும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பண உதவி கிடைக்கும் இடம் வேறு. அது பேரிடர் நிவாரணம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயிலில் சுருண்டு இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். காரணம் வெப்பம்தான் என்று சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் காட்டாமல், தாசில்தார் ஆபீஸுக்கும் சொல்லாமல் தகனம் முடித்துவிட்டால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.