வெட்டுத்துண்டா, இடைமறிப்பா?

“ஒய் இடைமறிப்பைக் கண்டறிக.” பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், பாடக் காணொளி ஒன்றில் இந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “கோடு யாரை மாமா மறிக்குது?” இந்த மாதத்தில் நான் இந்தச் சொல்லைப் பார்ப்பது மூன்றாம் முறை.

இடைமறிப்பு என்று அங்கே பெயர்த்திருக்கும் இன்டர்செப்ட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. இடையே என்பதற்கு ஒரு சொல், பிடித்தெடு என்பதற்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்தது. வினையாக வந்தால் வழியில் மறிப்பது. கணக்கில் அது பெயர்ச்சொல்: ஒரு கோடு அச்சை வெட்டும்போது, இரண்டு அச்சுகளும் சந்திக்கும் ஆதிப்புள்ளிக்கும் வெட்டிய இடத்துக்கும் நடுவே அறுபடும் பகுதி. அதைத்தான் நம் பாடநூல் வெட்டுத்துண்டு என்கிறது. சாய்வைப் படித்திறன் என்று சொல்லும் இலங்கையிலும் இதற்கு வெட்டுத்துண்டுதான்.

இடைமறிப்பு என்றால் நமக்கு என்ன தோன்றும்? போலீஸ் வண்டியை மறிப்பதும், ஏவுகணையை நடுவானில் தடுப்பதும்தான். கோடு எதையும் தடுப்பதில்லை. அச்சை வெட்டிக்கொண்டு தன்பாட்டுக்குப் போகிறது. குறுக்கீடு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல் ஒளியியலில் வேறு பொருளில் எப்போதோ குடியேறிவிட்டது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். மொழிபெயர்ப்பவர் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது.

3 எக்ஸ் + 4 ஒய் = 12 என்பதை எடுங்கள். எக்ஸ் அச்சின் மேல் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் ஒய் பூச்சியம். ஆகவே ஒய்க்கு 0 போட, எக்ஸ் 4. எக்ஸுக்கு 0 போட, ஒய் 3. வரைபடத்தாளில் இரண்டு இடத்திலும் புள்ளி வைத்து அடிக்கோலால் இணைத்தால் கோடு வந்துவிடும். ஆதியிலிருந்து கிடையாக 4 கட்டம், நெடுக்காக 3 கட்டம் என்று அறுபட்ட துண்டுகள் கண்ணுக்கு முன்னே கிடக்கும். நடுவில் அடைபட்ட முக்கோணத்தின் பரப்பு, 4-ஐயும் 3-ஐயும் பெருக்கியதில் பாதி, 6. துண்டு என்றதால் பெருக்க முடிந்தது. மறிப்பை எதனோடு பெருக்குவது?

வெட்டுப்புள்ளி என்று சொன்னால் போதாதா என்று ஆசிரியர் நண்பர் ஒருவர் கேட்டார். துண்டு எப்படி மைனஸ் ஆகும் என்பது அவர் தடை. 2 எக்ஸ் − 3 ஒய் = 6 என்ற கோட்டுக்கு ஒய் வெட்டுத்துண்டு −2. ஆதிக்குக் கீழே வெட்டுகிறது என்பதற்குத்தான் அந்தக் குறி; திசையைச் சேர்த்துச் சொல்கிறோம், அவ்வளவுதான். இந்தக் கோட்டின் வெட்டுப்புள்ளி (0, −2), வெட்டுத்துண்டு −2. முன்னது இடம், பின்னது அளவு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எக்ஸையும் ஒய்யையும் அவற்றின் வெட்டுத்துண்டுகளால் வகுத்துக் கூட்டினால் 1 என்று எழுதும் வெட்டுத்துண்டு வடிவச் சமன்பாட்டில் எக்ஸுக்குக் கீழே எதை எழுதுவது என்று பிள்ளை திகைக்கும்.

கோட்டுத்துண்டு, வட்டத்துண்டு என்ற சொற்கள் அக்கா மகளுக்குக் கீழ் வகுப்பிலேயே அறிமுகம். கணங்களின் வெட்டும் தெரியும். அன்று தாளில் வெட்டிய இடங்களைப் பென்சிலால் காட்டி, “இதுவரைக்கும் உள்ள துண்டு” என்றேன். “அப்போ ஆதி வழியாவே போற கோட்டுக்குத் துண்டு பூச்சியமா மாமா?” என்று அவளே கேட்டாள்.