டிரேட் டிரெஸ்: வணிக உடையா, வணிகக் கோலமா?

ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி, பிக்கப், குமிழ், பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உடலின் வெளிக்கோட்டை மட்டும் தாளில் வரைந்து காட்டுங்கள். கிட்டார் பிடித்துப் பழகியவர் பார்த்ததுமே “இது லெஸ் பால்” (கிப்சன் நிறுவனத்தின் மாதிரி), “இது ஸ்ட்ராட்” (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) என்று சொல்லிவிடுவார். அந்த வெளிக்கோடு யாருக்குச் சொந்தம் என்றுதான் கிப்சன், ஃபெண்டர் போன்ற பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வழக்காடி வந்திருக்கின்றன. இந்த வழக்குகளைப் பற்றிப் படிக்கும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சொல் ‘டிரேட் டிரெஸ்’. ஒரு சரக்கைச் செய்தவர் யார் என்று வாங்குபவருக்கு உணர்த்தும் அதன் மொத்தத் தோற்றத்துக்குச் சட்டம் வைத்த பெயர் அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வணிக உடை’ என்று வரும். படிப்பவருக்குக் கடை ஊழியரின் சீருடைதான் நினைவுக்கு வரும். அது முழுத் தவறு.

முதலில் வேரைப் பார்ப்போம். ‘டிரேட்’ ஆங்கிலத்துக்குள் வந்தபோது வணிகத்தைக் குறிக்கவில்லை. ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் தடம், கால்பட்டுப் பட்டு உண்டான பாதை என்றே பொருள். காலால் மிதிப்பதைக் குறிக்கும் ‘டிரெட்’ அதன் உறவுச்சொல். தடத்திலிருந்து வழக்கமாகப் போகும் வழி, அதிலிருந்து வழக்கமாகச் செய்யும் தொழில், கடைசியில் வாங்கல் விற்றல் என்று பொருள் நகர்ந்தது. ‘டிரெஸ்’ பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. நேர், ஒழுங்கு என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்து, ‘ஒழுங்குபடுத்து, சீராக அமை’ என்ற பொருளில்தான் முதலில் வழங்கியது. காயத்துக்குக் கட்டுப்போடுவதை இன்றும் ‘டிரெஸ்ஸிங்’ என்கிறோமே, அதில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. துணிமணி என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது.

சட்டத்திலும் இதே மாதிரி ஒரு நகர்வு. முதலில் டிரேட் டிரெஸ் என்றால் சரக்குக்குப் போர்த்தியது: லேபிள், டப்பா, பாட்டிலின் வடிவம், அட்டையின் நிறம். பிறகு கடையின் உள்தோற்றத்துக்கும் அது பரவியது. 1992-ல் டூ பெசோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு உணவகத்தின் அலங்காரத்துக்கே இந்தப் பாதுகாப்பைத் தந்தது. கடைசியில் பொருளின் வடிவமும் உள்ளே வந்தது. கிட்டார் வழக்குகள் இந்தக் கடைசிப் படியில் நிற்பவை. உடையைக் கழற்றலாம், உடலைக் கழற்ற முடியாது. கிட்டாரின் வடிவம் அது போட்டிருக்கும் உடையா, அதன் உடலேயா? வழக்கின் மையமே இந்தக் கேள்விதான். ‘உடை’ என்று மொழிபெயர்த்தால் கேள்வி எழும் முன்பே பதில் சொன்னதாகிவிடும்.

தமிழில் இதற்குப் பொருந்துவது ‘கோலம்’. மணக்கோலம், தவக்கோலம், போர்க்கோலம், மாறுகோலம் ஆகியவற்றில் அது உடுத்தியதையும் பூண்டதையும் குறிக்கிறது. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் எனும்போது அது உடலின் அமைப்பையே குறிக்கிறது. அலங்கோலம் என்றால் ஒழுங்கு குலைந்தது. டிரெஸ் என்பதன் பழைய ‘ஒழுங்கு’ப் பொருளுக்கு எவ்வளவு அருகில் வந்துவிடுகிறது பாருங்கள். மேலே அணிந்ததையும் உள்ளிருக்கும் உருவத்தையும் ஒரே சொல்லில் அடக்கும் வசதி ‘உடை’க்கும் இல்லை, ‘வடிவம்’ என்பதற்கும் இல்லை. ‘வணிகத் தோற்றம்’ என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் தோற்றம் என்பதற்குத் தொடக்கம் என்ற பொருளும் இருப்பதால், ‘வணிகத் தோற்ற வரலாறு’ போன்ற தொடர்களில் தடுக்கும். வாசலில் போடும் கோலத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘வணிக’ என்ற அடைமொழி முன்னால் நிற்கும்வரை குழம்பாது. ‘மணக்கோலம்’ என்றதும் யாரும் அரிசிமாவைத் தேடுவதில்லை.

அடுத்தது சோதனை. எந்தக் கோலம் ஒருவருக்கு மட்டும் சொந்தமாகலாம்? அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். மூன்றையும் சொல்ல நம் இலக்கணத்தில் சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன.

முதல் தடை பயன்பாடு. கிட்டார் உடலில், கழுத்து சேரும் இடத்தில் உள்ள வளைவான வெட்டுக்குக் கட்அவே என்று பெயர். உடலை ஒட்டியுள்ள ஃப்ரெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) கை எட்டுவதற்காகவே அந்த வெட்டு. ஸ்ட்ராட்டின் பின்பக்கம் விலா படும் இடத்தில் மரத்தைச் சீவியிருப்பது உடம்பில் குத்தாமல் இருக்க. காரணத்தோடு அமைந்த இப்படிப்பட்ட வடிவக்கூறுகளை வணிகச் சின்னமாகப் பூட்டிவைக்க முடியாது; அதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) என்ற வேறு வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. 2001-ல் டிராஃபிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கிறோமே, அதே பிரிவுதான். காரண வடிவம் எல்லோருக்கும் பொது. இடுகுறி வடிவத்தைத்தான் உரிமை கோரலாம்.

இரண்டாவது, வடிவத்தைப் பார்த்ததும் வாங்குபவர் மனத்தில் செய்தவர் யார் என்பது எழ வேண்டும். 2000-ல் வால்மார்ட் – சமாரா வழக்கில் (குழந்தைகளின் உடுப்பைப் பற்றிய வழக்கு அது) அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளின் வடிவம் பிறக்கும்போதே அடையாளமாகிவிடாது, புழங்கிப் புழங்கித்தான் ஆக முடியும் என்று தீர்த்தது. ஆங்கிலத்தில் இதற்கு ‘செகண்டரி மீனிங்’ என்று பெயர். ‘இரண்டாம் பொருள்’ என்று எழுதினால் சிலேடை மாதிரி ஒலிக்கும். ஒன்றைச் சொல்லி அதோடு தொடர்புடைய இன்னொன்றை உணர்த்துவது ஆகுபெயர். வடிவம் தன்னைச் செய்தவருக்கு ஆகிவருவதால் இதை ‘ஆகுபொருள்’ என்பதே தெளிவு.

மூன்றாவது தடையில்தான் பெரும்பாலான கிட்டார்கள் இடறுகின்றன. ஒரு வடிவத்தைப் பலரும் பல காலம் செய்துவிட்டால் அது பொதுப்பெயர் போல ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஜெனரிக்’; தமிழில் ‘பொதுப்பட்டது’ எனலாம். இதற்கு ஃபெண்டரின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. டெலிகாஸ்டர், பிரிசிஷன் பாஸ், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மூன்றும் 1950களின் முற்பகுதியில் வந்தவை. அவற்றின் உடல் வெளிக்கோடுகளைப் பதிவு செய்ய ஃபெண்டர் விண்ணப்பித்ததோ 2003-ல். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ நிறுவனங்கள் அதே வடிவில் கிட்டார் விற்றுவிட்டன. ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 2009 மார்ச்சில் அமெரிக்க வணிகச் சின்ன மேல்முறையீட்டு வாரியம் மூன்று வடிவங்களுக்கும் பதிவை மறுத்தது. ஸ்ட்ராட் வடிவத்தைப் பற்றி வாரியம் சுட்டிய ஒரு சான்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் மறக்கக் கூடாதது: ஒரு அகராதியில் எலெக்ட்ரிக் கிட்டார் என்ற பதிவுக்குப் பொதுவான படமாக அந்த வடிவமே போடப்பட்டிருந்தது. அகராதிப் படமே ஒரு வடிவத்தைப் பொதுச்சொத்தாக்கும் சான்றானது. தமிழில் புழக்கத்துக்கும் ‘வழக்கு’, நீதிமன்றச் சண்டைக்கும் ‘வழக்கு’ என்பது இந்த இடத்தில் எவ்வளவு பொருத்தம்!

ஐரோப்பாவில் ‘V’ எழுத்தின் வடிவில் உடல் கொண்ட கிப்சனின் ஃப்ளையிங் வி-க்கும் ஏறத்தாழ இதே கதி. 1958-ல் அது சந்தைக்கு வந்தபோது அப்படி ஒரு உருவத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தது 2010-ல். 2019 ஜூன் 28 அன்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், வெளிவந்த நாளில் எவ்வளவு புதுமையாக இருந்தாலும், விண்ணப்பித்த நாளில் சந்தையில் இருந்த பலவகை வடிவங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லி, பதிவு செல்லாது என்ற முடிவை உறுதிசெய்தது. எந்தத் தேதியில் வைத்து அளக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்த தேதி கணக்கில் வருவதில்லை.

பதிவு கையில் இருந்தாலும் வெற்றி நிச்சயமில்லை. லெஸ் பால் உடல் வடிவத்துக்குக் கிப்சன் 1993-ல் அமெரிக்கப் பதிவு பெற்றிருந்தது. 2000-ல் பால் ரீட் ஸ்மித் நிறுவனம் சிங்கிள்கட் என்ற ஒற்றை வெட்டுக் கிட்டாரைக் கொண்டுவர, கிப்சன் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் 2004-ல் உற்பத்திக்கே தடை போட்டது. 2005 செப்டம்பரில் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அங்கே நடந்ததை நெருங்கிப் பார்க்க வேண்டும். பதிவில் இருந்தது உடலின் வடிவம் மட்டும். குமிழ்களும் சுவிட்சும் இருக்கும் இடத்தையெல்லாம் அந்தப் பதிவுக்குள் இழுத்துப் பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். கடையில் வாங்கும்போது குழப்பம் வராது என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டுவிட்டது. மிஞ்சியது, புகைமூட்டமான மதுக்கூடத்தில் தூரத்து மேடையில் இருக்கும் கிட்டாரைப் பார்ப்பவர் லெஸ் பால் என்று நினைப்பார் என்ற வாதம். பொருளின் வடிவத்துக்கு இந்த வாதத்தை ஏற்றால், சற்றே ஒத்த எந்த வடிவத்தின் மீதும் வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் மறுத்தது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

டீன் என்ற கிட்டார் பிராண்டின் மீதான வழக்கு இன்னொரு பாடம். டீன் 1970களின் பிற்பகுதியிலிருந்தே வி வடிவக் கிட்டார்களை விற்கிறது. கிப்சன் டெக்சாஸில் வழக்குத் தொடுத்ததோ 2019-ல். 2022-ல் நடுவர் குழு (ஜூரி) பெரும்பாலும் கிப்சன் பக்கம் தீர்த்தது. ஆனால் மற்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இதே வடிவங்களை விற்றதற்கான சான்றுகளை விசாரணை நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது தவறு என்று 2024-ல் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. வடிவம் பொதுப்பட்டதா என்பதைப் பழைய சரக்குப் பட்டியல்களும் விளம்பரங்களும்தான் காட்ட முடியும். அவற்றை மூடிவைத்துவிட்டு அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது.

உடலைவிடக் கழுத்தின் நுனியில் இருக்கும் தலைப்பாகத்துக்கு, அதாவது ஹெட்ஸ்டாக்குக்கு, பாதுகாப்பு வலுவானது. காரணம் எளிது. அதன் வேலை, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனர்களைத் தாங்குவது மட்டும். டியூனர்களுக்கு அப்பால் ஓரத்தின் நெளிவு எப்படி இருந்தாலும் ஒலியில் பெரிய மாற்றம் வராது. ஆகவே அந்த நெளிவு கிட்டத்தட்ட முழுக்க இடுகுறி. பெயரும் அங்கேதான் இருக்கும், கண்ணும் அங்கேதான் போகும். உடல் வடிவத்துக்குப் பதிவு கிடைக்காத ஃபெண்டர், தலைப்பாக வடிவங்களைப் பதிவாக வைத்திருக்கிறது. உதிரிபாகச் சந்தையில் இது பளிச்சென்று தெரியும்: ஃபெண்டர் வடிவத் தலை கொண்ட மாற்றுக் கழுத்துகளில் உரிமம் பெற்றது என்ற முத்திரை இருக்கும், அமெரிக்காவில் அதே வடிவ உடலுக்கு அது தேவைப்படுவதில்லை.

புதிதாகக் கிட்டார் செய்து விற்க நினைப்பவர் முதலில் பதிவேட்டில் உள்ள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். முழுக்கோடாக இருப்பது உரிமை கோரிய பகுதி. புள்ளிக்கோடாக இருப்பது இடம் காட்டுவதற்கு மட்டும். பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம்: அமெரிக்காவில் ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையில் பயன்பாட்டு உறுதிமொழி தர வேண்டும், பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தலைப்பாகத்தைச் சொந்தமாக வரைவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு. பெயர் வேறு விவகாரம். வடிவம் பொதுப்பட்டாலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற சொல் பொதுப்படவில்லை. அதனால்தான் விற்பவர்கள் ‘எஸ் டைப்’, ‘டி டைப்’ என்று எழுதுகிறார்கள்.

கடைசியாக ஒரு கிளைச்சொல்: ‘லாசூட் கிட்டார்’, வழக்குக் கிட்டார். 1970களின் ஜப்பானிய நகல்கள் அனைத்துக்கும் இந்தப் பட்டத்தைச் சூட்டி விலையேற்றுகிறார்கள். இந்தப் பெயருக்குக் காரணமான வழக்கு ஒன்றுதான். கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், 1977 ஜூனில் பிலடெல்பியாவில், ஜப்பானியக் கிட்டார் பிராண்டான ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது தொடுத்தது. சண்டை உடலைப் பற்றியதன்று, திறந்த புத்தகத்தின் மேல்விளிம்பு போன்ற தலைப்பாக வடிவத்தைப் பற்றியது. தீர்ப்பு வரவில்லை, சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே ஐபனேஸ் தன் தலைப்பாகத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. எனவே விளம்பரத்தில் ‘வழக்குக் கிட்டார்’ என்று கண்டால், தலைப்பாகத்தின் மேல்விளிம்புப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தத் திறந்த புத்தக நெளிவு இல்லையென்றால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது.