பாலைவனத்தில் மிளகாய்: பகலை விட இரவுதான் பிரச்சினை

மிளகாய்ச் செடிக்கு வெயில் பிடிக்கும் என்பது பாதி உண்மைதான். பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூவும் எடுக்கும், ஆனால் காய் பிடிக்காது. பூக்கள் காம்போடு பொலபொலவென்று உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவார்கள், பலன் இருக்காது.

சேதம் நடப்பது மொட்டுக்குள். மகரந்தம் உருவாகும் கட்டத்தில் சூடு தாக்கினால் அது மலடாகிவிடுகிறது. அதனால்தான் வானிலை குளிர்ந்த உடனே காய் பிடிப்பதில்லை. சூடு படாத புது மொட்டுகள் வந்து விரிய வேண்டும். இரவும் சூடாக இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி சுவாசத்திலேயே செலவழித்துவிடும். அப்புறம் பிஞ்சுக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே பாலைவனத்தில் இரண்டு பருவம். குளிர்காலத்திலேயே நாற்று வளர்த்து, உறைபனி விலகியதும் நட்டால், கோடை உச்சத்துக்கு முன்பே ஒரு பறிப்பு கிடைக்கும். உச்சத்தில் காய் எதிர்பார்க்காமல், 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்ணுக்கு மூடாக்குப் போட்டுச் செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும். வலை இல்லாவிட்டால் காயின் வெயில் படும் பக்கம் வெளுத்துக் காகிதம் போல் ஆகிவிடும். இரவுகள் குளிர ஆரம்பித்ததும் செடி மறுபடி காய்க்கும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது இங்கே ஆபத்து. நீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். லேசான தூறல் கூட, ஈரம் படும் இடத்தின் ஓரத்தில் தேங்கிய உப்பைக் கரைத்து வேர்ப் பக்கம் தள்ளிவிடும். அந்த உப்பை மறுபடி கீழே இறக்கத்தான் மழை பெய்யும்போதே சொட்டுநீரைத் திறந்துவிடுவது.

லேசான தண்ணீர்த் தட்டுப்பாடு பல ரகங்களில் காரத்தைக் கூட்டும். ஆனால் நிலத்தைக் காயவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் கால்சியம் காய்க்கு ஒழுங்காகப் போய்ச் சேராது, நுனி அழுகும். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் உருவாவது விதையைத் தாங்கும் வெள்ளை நரம்பில். விதைதான் காரம் என்ற கெட்ட பெயர், அது அந்த நரம்போடு ஒட்டியிருப்பதால் வந்தது.

செடியைப் பாடாய்ப் படுத்திய வறண்ட காற்று, காய வைக்கும்போது கைகொடுக்கிறது. நன்கு சிவந்த பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது மெல்ல உலர்ந்தால் பூஞ்சை புகுந்துவிடும். இங்கே அதற்கு நேரமே கிடைக்காது. நீளவாக்கில் கீறி, காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள். நேர் வெயிலில் சிவப்பு நிறமி வெளுத்துப்போகும்.

பதம் பார்ப்பது எளிது. வற்றலை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். தோல் போல மடிந்தால் ஈரம் இருக்கிறது. அரைத்தால் மிக்ஸியில் கட்டிகட்டும், டப்பாவில் பூசணம் பிடிக்கும்.

அரைத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசினும் தூண்டுகிறது. 1997இல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூக்கிலும் கண்ணிலும் அதே ஏற்பிகள் உண்டு. தூள் அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். கையில் பட்டால் முதலில் எண்ணெய், பிறகு சோப்பு. கேப்சைசின் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது.