நேவிகேட்டரில் நீங்களே ஏற்றிய எச்சரிக்கை ஒலி கேட்கவில்லையா?

வண்டிகளில் நேவிகேஷன் கருவி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திரை மங்கல், சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகார்கள் கொஞ்சம் காத்திருக்கலாம், ஆனால் "நானே ஏற்றிய அலர்ட் சத்தம் வரவில்லை" என்று யாராவது வந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன். அலர்ட்டே இல்லாதவர் சாலையோரப் பலகையைப் பார்த்து ஓட்டுவார். அலர்ட் இருக்கிறது என்று நம்புகிறவரோ சத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் இடம் ஒரு பள்ளி வாசலாகவோ உயரம் குறைந்த பாலமாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படித்தான் சரக்கு வண்டி ஓட்டும் ஒருவர் வந்தார். தன் பாதையில் உள்ள தாழ்வான பாலங்களை எல்லாம் பொறுமையாகத் தொகுத்து, "பாலம் வருது, உயரம் பாரு" என்று தன் குரலிலேயே பதிவு செய்து கருவியில் ஏற்றியிருந்தார். பாலம் நெருங்கும்போது திரையில் குறி வருகிறது, குரல் மட்டும் வரவில்லை. ஒலி ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். உள்ளே பெரும்பாலும் புரியாத கிறுக்கல்தான் இருக்கும், ஆனால் முதல் சில எழுத்துகள் உண்மையைச் சொல்லிவிடும். அசல் வேவ் (WAV என்ற ஒலி வடிவம்) ஃபைல் என்றால் தொடக்கத்தில் ஆர்-ஐ-எஃப்-எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவருடையதில் ஐடி3 என்று இருந்தது, அதாவது அது எம்பி3. போனில் பதிவானதை எம்பி3 ஆக்கி, பெயரின் கடைசியில் எம்பி3 என்பதை அழித்து வேவ் என்று எழுதியிருக்கிறார். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கணினியில் உள்ள பிளேயர்கள் பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வாசித்துவிடும், அதனால் வீட்டில் கேட்டபோது நன்றாகவே கேட்டிருக்கிறது; அவருடைய கருவி அப்படிச் செய்யவில்லை.

இந்தப் பழுதை ஆராயும்போது முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: குறி வந்து சத்தம் வரவில்லையா, அல்லது இரண்டுமே வரவில்லையா? குறி வருகிறது என்றால் ஏற்றிய இடங்களின் (புள்ளிகளின்) விவரங்கள் சரி, சிக்கல் ஒலிப் பக்கம். இரண்டும் வரவில்லை என்றால் ஒலி ஃபைலைத் தொடவே தொடாதீர்கள், குற்றம் வேறு இடத்தில்.

ஒலிப் பக்கம் என்றால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அசல் பதிவைத் திறந்து, மோனோவாக மாற்றி, 22,050 ஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம் வேவ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். பழைய கருவிகள் கூடப் பொதுவாக இதை ஏற்கும். சில மாடல்கள் எம்பி3-யையும் வாசிக்கும், ஆனால் எது வாசிக்கும் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது பாதுகாப்பு. அப்புறம் பெயர். கார்மின் நிறுவனத்தின் கருவிகளுக்கு, புள்ளிகளை ஏற்ற அது தரும் பிஓஐ லோடர் என்ற மென்பொருள் வழியாக ஏற்றும்போது, புள்ளிகள் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) ஃபைலும் ஒலி ஃபைலும் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இருக்க வேண்டும். விண்டோஸ் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால் ஒரு ஃபைலுக்கு வேவ் என்ற ஒட்டு இரண்டு முறை சேர்ந்திருப்பது தெரியாமலே போகும், எனவே அந்த மறைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தத்தின் தலை மட்டும் வெட்டுப்படுகிறதா? கருவியை ப்ளூடூத் வழியாக காரின் ஸ்டீரியோவோடு இணைத்திருப்பீர்கள். அந்த இணைப்பு சும்மா இருக்கும்போது உறங்கிக்கொண்டிருக்கும், ஒலி வரும்போது விழித்துக்கொள்ள ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் அரை நொடி "டிங்" முழுதாகவே காணாமல் போய்விடும். ஒலியின் முன்னால் ஒரு நொடி மௌனம் சேர்த்துப் பாருங்கள், பல வண்டிகளில் இதுவே போதும். ஸ்டீரியோவில் வேறு சேனல் ஓடும்போது நேவிகேட்டரின் ஒலியே உள்ளே வராத வண்டிகளும் உண்டு, அவற்றில் கருவியின் சொந்த ஸ்பீக்கரையே நம்புவது நல்லது.

இரண்டுமே வரவில்லை என்ற வகையில், நான் அதிகம் பார்ப்பது எண்கள் இடம் மாறியதைத்தான். கார்மினின் சிஎஸ்வியில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. ஆனால் கூகுள் மேப்ஸில் நகலெடுத்தால் அட்சரேகை முதலில் வரும். அப்படியே ஒட்டினால் உங்கள் பள்ளிக்கூடம் வேறு கண்டத்திலோ நடுக்கடலிலோ போய் உட்கார்ந்திருக்கும், கருவி என்ன செய்யும் பாவம்! ஏற்றிய புள்ளி ஒன்றைக் கருவியின் வரைபடத்திலேயே திறந்து, அது சாலையின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாசலில், வளாகத்தின் நடுவில் என்று சாலையை விட்டுத் தள்ளி இருந்தால், "சாலை வழியே" என்ற வகை அலர்ட்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

வேக அலர்ட்டில் இன்னொரு குழப்பம். புள்ளியின் பெயரோடு அட் (@) குறி போட்டு 40 என்று எழுதினால், அந்த வேகத்தைத் தாண்டினால்தான் ஒலிக்கும். மெதுவாக ஓட்டிச் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். ஏற்றும்போது அலகு மைலா கிலோமீட்டரா என்பதையும் கவனியுங்கள், 40 மைல் என்றால் அது 64 கிலோமீட்டர். பள்ளிப் பகுதியில் 60-இல் போனாலும் கருவி வாய் திறக்காது.

இன்னும் ஒன்று, இதைக் கேட்டால் பலருக்கும் அதிர்ச்சி. பிஓஐ லோடர் மறுபடி ஓடும்போது, முன்பு ஏற்றிய தொகுப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும். பாலங்களை ஏற்றியவர் அடுத்த மாதம் பெட்ரோல் பங்குகளை மட்டும் ஏற்றினால் பாலங்கள் போய்விடும், கருவி ஒரு வார்த்தை சொல்லாது. எல்லா சிஎஸ்விகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து எப்போதும் சேர்த்தே ஏற்றுங்கள். டாம்டாம் நிறுவனக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஓவி2 என்ற தனி வடிவம், பிஓஐ லோடர் கார்மினுக்காக உருவாக்கும் ஜிபிஐ ஃபைல் அங்கே ஓடாது.

என்ன ஒலி வைப்பது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. சைரன், ஹார்ன், அலறல் எதுவும் வேண்டாம். நிஜமான ஆம்புலன்ஸ் என்று நினைத்து டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பார், பார்க்க வேண்டிய சாலையை விட்டுவிடுவார். சீட் பெல்ட்டுக்கு வண்டி தானே எழுப்பும் மணியைப் போலவும் இருக்கக் கூடாது. கருவியின் சின்ன ஸ்பீக்கரில் கனத்த ஆண் குரலின் அடித்தொனி எடுபடாது, டயர் இரைச்சலும் அந்தப் பக்கம்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் கூர்மையான குரல் அல்லது 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு தெளிவான ஒலி நல்லது. நீளத்தையும் கணக்குப் பாருங்கள்: மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது, ஐந்து நொடி வசனம் முடிவதற்குள் 140 மீட்டர் ஓடியிருக்கும். "பாலம்" என்ற ஒரு சொல் போதும். குழந்தையின் குரலில் "அப்பா மெதுவா" என்று வைக்கிறவர்களும் உண்டு. அன்பு புரிகிறது, ஆனால் அதைக் கேட்டதும் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்பதால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

வேகக் கேமராக்களுக்கு ஒலி வைப்பவர்கள் எல்லை தாண்டும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஓட்டும்போது டிரைவர் அந்த எச்சரிக்கையைப் பயன்படுத்தக் கூடாது. சுவிட்சர்லாந்திலும் தடை. பிரான்ஸில் 2012 முதல் கேமராவின் துல்லியமான இடத்தைக் காட்டக் கூடாது, "ஆபத்துப் பகுதி" என்று நீளமாகக் காட்டலாம்.

சோதனைக்கு, நின்ற இடத்துக்கு அருகில் ஒரு பொய்ப் புள்ளியைச் சேர்த்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்தும் மூடியும், பாட்டு ஓடும்போதும் ஓடாதபோதும் கேட்டுப் பாருங்கள். ஓட்டுகிறவர் கை ஸ்டியரிங்கில்தான், திரையைத் தொடுவது மற்றவர் வேலை. வேலை முடிந்ததும் பொய்ப் புள்ளியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அசல் சிஎஸ்வியையும் ஒலிப் பதிவுகளையும் கணினியில் பத்திரமாக வையுங்கள், ஜிபிஐ ஆகிவிட்ட பிறகு உள்ளிருந்து குரலைத் திரும்ப எடுப்பது லேசில் நடக்காது.