குத்து நின்ற பிறகும் மூளைக்குள் நடப்பது

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் கண்டியில் படித்த காலத்தில் குத்துச்சண்டை ஆடியவர், பிறகும் பல வருடம் விடவில்லை. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். தெரிந்தவர் பெயரே மறந்துபோகிறது. சின்னப் பேச்சுக்கும் கை ஓங்குகிறார், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறார். வீட்டில் கோடாங்கி பார்த்திருக்கிறார்கள், செய்வினை என்று சொன்னாராம். "அந்தக் காலத்து அடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்கிறார்.

இருக்கலாம். 1928இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் பற்றி எழுதிவிட்டார். 2002இல் பெனட் ஒமாலு என்ற மருத்துவர், மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து (ஆளோடு ஆள் மோதி ஆடும் ஆட்டம்) வீரரின் மூளையை அவர் இறந்த பிறகு ஆராய்ந்த பின்னர்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை மெல்லச் சிதையும் இந்த நோயை இன்று சி.டி.இ. (CTE) என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தாடையில் குத்து விழுந்தால் தலை சட்டென்று சுழலும், மூளை அதே வேகத்தில் கூடவே சுழலாது. இது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வியப்பாக இருப்பது இதற்கு அடுத்து நடப்பது.

ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் நீண்ட இழைக்கு ஆக்சான் என்று பெயர். அதற்குள் நெடுகிலும் நுண்குழல்கள் கற்றையாக ஓடுகின்றன. ஒரு குழலின் தடிப்பு 25 நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். நரம்பணுவின் உடலில் தயாராகும் புரதங்கள் இந்தக் குழல்களைத் தண்டவாளமாகப் பிடித்துக்கொண்டுதான் இழையின் நுனிக்குப் போகின்றன. குழல்கள் விலகிப்போகாமல் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது டௌ என்ற புரதம்.

டௌவின் குணம் பாதி ஆறிய சீனிப்பாகு மாதிரி. மெதுவாக இழுத்தால் நூலாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். நாம் குனிந்து நிமிரும்போது மூளைக்குள் இழைகள் கொஞ்சம் இழுபட்டாலும் டௌ நிதானமாக விரிந்து கொடுக்கும், குழலுக்கு ஒன்றும் ஆகாது. குத்து விழும்போது அதற்கு விரிய நேரம் கிடைப்பதில்லை. அந்த நொடியில் அது விறைத்து நிற்க, இழுப்பு முழுவதும் குழலின் மேல் விழுந்து குழல் முறிகிறது. ஆக்சான் பெரும்பாலும் அறுவதில்லை, வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் முறிந்த இடத்தில் சரக்கு தேங்கி அங்கங்கே வீங்குகிறது. கால்சியம் வேறு உள்ளே புகுந்து சேதத்தைக் கூட்டுகிறது. இவ்வளவும் சாதாரண ஸ்கேனில் தெரியாது.

ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாவதற்குள் மறுபடி மறுபடி அடி விழுந்தால்தான் ஆபத்து. குழலை விட்டுக் கழன்ற டௌவில் பாஸ்பேட்டுகள் அளவுக்கு மீறி ஒட்டுகின்றன, அது ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிறது. இந்த முடிச்சுகள் மூளை மடிப்புகளின் அடி ஆழத்தில், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் முதலில் சேர்கின்றன. அடி விழும்போது இழுப்பு அதிகம் குவிவதும் அந்த ஆழத்தில்தான் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. கைவிரல் தொட முடியாத ஓர் இடத்தில், விழுந்த அடிகளின் கணக்கு இப்படிப் பதிவாகிறது! மயக்கம் போட்டு விழுந்த அடிகள் மட்டுமல்ல, "ஒண்ணுமில்ல" என்று தலையை உதறிவிட்டுப் போன அடிகளும் இதில் சேர்த்தி.

2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. கண்டார்கள். இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. ஏற்கெனவே அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை.

ஆய்வுப் பணம் விளையாட்டு வீரர்கள் பக்கமே போவது எனக்கு வருத்தம். கணவனிடம் பல வருடம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் மூளையில் இதே வகை மாற்றம் இருந்ததை 1990இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் தேயிலைத் தோட்ட லயங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும் சத்தம் கேட்டும், "குடும்ப விஷயம்" என்று இருந்துவிடுகிறோம். அடிவாங்கியவள் கொழுந்து நிறுவையை மறந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால், சோம்பேறி என்கிறோம். அவள் தலையையும் யாராவது ஆராய வேண்டாமா?

சரி, அண்ணனுக்கு வருவோம். உயிரோடு இருப்பவருக்கு சி.டி.இ. என்று உறுதியாகச் சொல்ல இன்று வழியில்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆனால் மறதிக்கும் கோபத்துக்கும் வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஈரச் சரிவில் வழுக்கி லேசாகத் தலை அடிபட்டாலும், வயதானவருக்கும் குடிப்பவருக்கும் வாரக்கணக்கில் ரத்தம் மெல்லக் கசிந்து மூளையை அழுத்தலாம். ஸ்கேனில் அது தெரியும், அறுவை செய்து எடுத்துவிடலாம். மனச்சோர்வு, தூக்கமின்மை, தைராய்டு குறை, பி12 குறை எல்லாமே கவனிக்கக் கூடியவை. கோடாங்கியிடம் போன மாதங்களில் இதெல்லாம் தள்ளிப்போகிறது என்பதுதான் என் கவலை. போதாக்குறைக்கு, செய்வினை வைத்ததாகப் பக்கத்து வீட்டோடு பகையும் வந்துவிடுகிறது.

தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல், கடிதம் வாங்கிக்கொண்டு நரம்பியல் கிளினிக்குக் கூட்டிப்போங்கள். எத்தனை வருடம் ஆடினார், எத்தனை முறை நினைவு தப்பியது, மறதி எப்போது ஆரம்பித்தது, குடிக்கிறாரா, சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவரே சொன்னால் பாதி விட்டுப்போகும். வீட்டில் சாவிக்கு ஓர் இடம், மாத்திரைக்கு ஒரு நேரம் வையுங்கள். குடி கூடாது. அவர் கத்தும்போது எதிர்த்துக் கத்தாமல் கொஞ்ச நேரம் விலகி இருங்கள், கை ஓங்கினால் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். பையன்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன் என்று அவர் மறுபடி கையுறை மாட்ட மட்டும் விடாதீர்கள்.